மாதவிலக்கும் தவறவில்லை, வலியும் விடவில்லை: ஒற்றைச் சிறுநீரகச் சிறுமியின் நிகழ்வு ஆய்வு

நோயாளி

வயது 13, எட்டாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள், இருப்பு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். பிள்ளை மட்டும் கீழே தேனி மாவட்டக் கூடலூரில் அம்மாச்சி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். கம்பம் பள்ளத்தாக்கில் இது சகஜம்: சம்பளம் மலைமேல், படிப்பு அடிவாரத்தில். இந்த ஏற்பாடு நோயைக் கண்டுபிடிப்பதில் எப்படிக் குறுக்கே வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. அடிவயிறு புடைத்து, தொட்டாலே துடித்தாள். அம்மாச்சிதான் பேசினார்.

"வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு டாக்டரம்மா. சடங்கு கழிச்ச மூணாம் மாசத்துலருந்து இதே ரோதனைதான். தீட்டு நின்ன பெறகும் வலி நிக்க மாட்டேங்குது. ஆனா மாசாமாசம் நாள் தவறாம வந்துருது."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு விஷயம்தான் அதுவரை பார்த்த எல்லோரையும் திசை திருப்பியிருக்கிறது. இரத்தம் வருகிறது என்றால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். வழி திறந்திருந்தால் அடைப்பு இல்லை. அடைப்பு இல்லையென்றால் இது வயதுக்கு வந்த புதிதில் எல்லாப் பிள்ளைக்கும் வருகிற வலி. இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் வெந்தயமும் ஓமத் தண்ணீரும். மருந்துக் கடையில் மெஃபனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை, மாதத்துக்கு ஐந்தாறு நாள். இடையில் ஒரு இடத்தில் குடல்வால் அழற்சியோ என்று சந்தேகித்து இரண்டு நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் எடுத்த ஸ்கேன், 'வலது சினைப்பைக் கட்டி, உள்ளே அடர்ந்த திரவம்' என்றது. அந்த அறிக்கை அடிவயிற்றோடு நின்றுவிட்டது. சிறுநீரகங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பரிசோதனை

காய்ச்சல் இல்லை. இரத்த அழுத்தம் 110/70. முதல் வேலையாகச் சிறுநீர்க் குழாய் போட்டோம், 800 மி.லி. வடிந்தது. பிள்ளை அப்போதுதான் மூச்சு விட்டாள். பை காலியான பிறகும் அடிவயிற்றில், நடுக்கோட்டிலிருந்து வலப்புறம் தள்ளி, அமுங்காத ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வெளிப்பார்வையில் கன்னித்திரை இயல்பாகத் திறந்திருந்தது. உள் பரிசோதனை செய்யவில்லை. இந்த வயதில் மயக்க மருந்தில்லாமல் அதைச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

ஹீமோகுளோபின் 9.6, குறைவு. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.7, அதாவது சரி. கர்ப்பப் பரிசோதனையும் செய்தோம், இல்லை என்று வந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு அடிவயிற்றுக் கட்டி என்றால் யாராயிருந்தாலும் செய்கிற பரிசோதனை இது என்று அம்மாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்து, பிறகு பில்லில் அந்தப் பெயரைப் பார்த்துச் சண்டைக்கு வந்த குடும்பங்கள் உண்டு.

பிறகு ஸ்கேன். சிறுநீர்ப்பைக்குப் பின்னால் பெரிய பை ஒன்று. உள்ளே கலங்கலான திரவம். அதன் மேல் நுனியில் தடித்த சதையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. சினைப்பைக் கட்டி என்றால் வலது சினைப்பை தனியாகத் தெரியக்கூடாது. இங்கே இரண்டு சினைப்பைகளும் தனித்தனியே, நன்றாகத் தெரிந்தன. அப்படியானால் பை வேறு எதிலிருந்தோ வருகிறது. கருவியை விலா எலும்புக்குக் கீழே நகர்த்தினேன். இடது சிறுநீரகம் 12 செ.மீ.; இந்த வயதுக்குப் பெரியது. வலப்பக்கம் கல்லீரலுக்குக் கீழே குடல் மட்டும்தான் இருந்தது.

அந்த இடத்திலேயே நோயின் பெயர் முக்கால்வாசி தெரிந்துவிட்டது.

வண்டன்மேட்டில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டோம். "அது சின்னதுலயே சொன்னாங்க டாக்டர். அஞ்சு வயசுல மூத்திரக் காய்ச்சல் வந்து இங்க மேல காட்டினப்ப, ஒரு கிட்னிதான் இருக்கு, அது நல்லா வேலை செய்யுது, பயப்படாதீங்கன்னாங்க." லயத்தில் தகரப் பெட்டியில் கிடந்த பழைய அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வலது சிறுநீரகம் காணப்படவில்லை, இடது பெருத்திருக்கிறது, வேறு குறை இல்லை என்று இருந்தது. எட்டு வருடமாக அந்தத் தாள் மலைமேல் இருந்தது, பிள்ளை கீழே இருந்தாள். அம்மாச்சிக்கு அப்படியொரு சங்கதியே தெரியாது. கீழே பார்த்த எந்த மருத்துவரும் கேட்கவும் இல்லை.

எம்.ஆர்.ஐ. காட்டியது

தேனிக்கு அனுப்பி எடுத்த எம்.ஆர்.ஐ. மிச்சத்தையும் தெளிவாக்கியது. கருப்பை ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் தனித்தனிக் கருப்பை வாய். இடது கருப்பை இயல்பான யோனியில் திறக்கிறது. மாதந்தோறும் தவறாமல் வந்த இரத்தம் அங்கிருந்து வந்ததுதான். வலது கருப்பை திறப்பதும் ஒரு யோனியில்தான், ஆனால் அந்த வலது பாதி கீழே மூடிக் கிடக்கிறது. எட்டு மாத இரத்தம் அங்கே தேங்கி 10 × 8 × 7 செ.மீ. அளவுக்கு உப்பியிருந்தது. வலது கருப்பைக்குள்ளும் கொஞ்சம் இரத்தம் ஏறியிருந்தது. வலது சினைக்குழாய் இலேசாக விரிந்திருந்தது. சினைப்பைகள் இரண்டும் இயல்பு. வலது அட்ரினல் சுரப்பி தன் இடத்திலேயே இருந்தது. ஆனால் கீழே தாங்கச் சிறுநீரகம் இல்லாததால் தொப்பி வடிவம் எடுக்காமல் நீளமாகத் தட்டையாகக் கிடந்தது. முதுகெலும்பில் குறை இல்லை.

இரட்டைக் கருப்பை, ஒரு பக்க யோனி அடைப்பு, அதே பக்கச் சிறுநீரகம் இன்மை: இந்த மூன்றும் சேர்ந்தால் ஓவிரா (OHVIRA) நோய்க்குறித்தொகுதி. ஹெர்லின், வெர்னர் இருவரும் 1971-லும் வுண்டர்லிஷ் 1976-லும் விவரித்ததால் மூவர் பெயராலும் இதைச் சொல்வார்கள். ஓவிரா என்ற சுருக்கப் பெயர் 2007-இல் வந்தது. அரிதுதான். பெரும்பாலும் வலப்பக்கத்தில் வருகிறது, இவளுக்கும் வலம்.

சிறுநீர் ஏன் அடைத்தது? உப்பிய வலது பாதி, சிறுநீர்ப்பையின் கழுத்தையும் அதன் வெளிவழியையும் முன்னால் தள்ளி நசுக்கியது. வலி ஏன் மூன்றாம் மாதம்தான் தொடங்கியது? யோனிச் சுவர் நன்றாக விரிந்து கொடுக்கும். ஒரு மாத இரத்தம், இரண்டு மாத இரத்தம் தேங்கினால் தெரியாது. விரிய இடமில்லாமல் போகும்போதுதான் வலி, அதுவும் தீட்டு நின்ற பிறகும் விடாத வலி.

சிறுநீரகத்துக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்

அப்பா கேட்ட கேள்வி இது. மருத்துவ மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள். ஏனென்றால் பாடத்தில் சிறுநீரகம் ஒரு பிரிவு, கருப்பை வேறொரு பிரிவு, இரண்டுக்கும் வேறு வேறு மருத்துவர். கருவில் அப்படியொரு பிரிவினை கிடையாது. இரண்டுமே முதுகின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் இடைநிலை நடுப்படலம் என்ற திசுவிலிருந்து வருகின்றன. ஒரே வரப்பில் உள்புறம் சினைப்பையோ விதையோ உருவாகும். வெளிப்புறம் சிறுநீரகத் தொடர் உருவாகும்.

மனிதக் கருவில் சிறுநீரகம் மூன்று முறை கட்டப்படுகிறது. முதலாவது நான்காம் வாரத்தில் கழுத்துப் பக்கம் தோன்றி, வேலையே செய்யாமல் மறையும். இரண்டாவது, மார்பு, இடுப்புப் பகுதியில் சில வாரம் கொஞ்சம் சிறுநீரும் உண்டாக்கிவிட்டுத் தேயும். நமக்கு நிலைப்பது மூன்றாவது. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது சிறுநீரகத்தின் வடிகால் நாளம். 1759-இல் கோழிக் கருவை ஆராய்ந்து எழுதிய வுல்ஃபின் பெயரால் அதை வுல்ஃபியன் நாளம் என்கிறோம். தன் சிறுநீரகம் தேய்ந்த பிறகும் இந்த நாளம் உடனே போய்விடுவதில்லை. அதற்கு இன்னும் இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை ஐந்தாம் வாரத்தில். கரு முழுவதுமே ஒரு சென்டிமீட்டரைத் தொடாத வயது. வுல்ஃபியன் நாளத்தின் கீழ் முனைக்கருகே ஒரு மொட்டு கிளம்பும். அதுதான் சிறுநீர்க்குழாய் மொட்டு. அக்கம்பக்கத்துத் திசு ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து அழைக்கிறது. நாளத்தின் செல்களில் உள்ள ரெட் என்ற ஏற்பி அந்த அழைப்பைப் பெறுகிறது. மொட்டு அந்தத் திசுவுக்குள் நுழைந்து கிளை கிளையாகப் பிரியும். கிளைகள் சேகரிப்பு நாளங்களும், சிறுநீரகக் கிண்ணங்களும், சிறுநீர்க்குழாயும் ஆகும். சூழ்ந்த திசு வடிகட்டும் நெஃப்ரான்கள் ஆகும். இருவரும் ஒருவரையொருவர் தூண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மொட்டு வரவில்லையென்றால் திசு வாடிப்போகும், அந்தப் பக்கம் சிறுநீரகமே இருக்காது. சிறுநீரகம் உருவாவதே இடுப்புக்குழியில்தான்; ஆறாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை மேலே ஏறி அட்ரினலைப் போய்த் தொடும். அட்ரினலோ வேறு மூலத்திலிருந்து தன் இடத்திலேயே பிறந்தது. அதனால்தான் சிறுநீரகம் வராவிட்டாலும் அது அங்கேயே காத்திருக்கிறது.

இரண்டாவது வேலை, கருப்பைக்கு வழி காட்டுவது. ஆறாம் வாரத்தில் வுல்ஃபியன் நாளத்துக்கு வெளிப்புறமாக இன்னொரு நாளம் தோன்றும். ஜோஹன்னஸ் முல்லர் 1830-இல் விவரித்த முல்லேரியன் நாளம் இது. சினைக்குழாய்களும் கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் இதிலிருந்து வருகின்றன. ஆனால் முல்லேரியன் நாளம் தானாகக் கீழே இறங்கத் தெரியாதது. வுல்ஃபியன் நாளத்தைத் தொட்டுக்கொண்டே அதன் மேலாகத்தான் நகரும். இடுக்கித் தோட்டங்களில் மிளகுக் கொடி முருக்கு மரத்தைப் பற்றி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மரம் எதுவரையோ கொடி அதுவரை. அந்த அப்பாவுக்கு இந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது. எலிகளில் செய்த ஆய்வில், வுல்ஃபியன் நாளம் சுரக்கும் வின்ட் 9பி என்ற சமிக்ஞையை நீக்கினால் முல்லேரியன் நாளம் வளராமல் நின்றுபோவதைக் கண்டிருக்கிறார்கள்.

இயல்பான கருவில் இரு முல்லேரியன் நாளங்களும் கீழே வரும்போது வுல்ஃபியன் நாளத்தின் முன்னால் குறுக்காகக் கடந்து, நடுவில் ஒன்றையொன்று தொட்டு, எட்டாம் ஒன்பதாம் வாரத்தில் ஒட்டிக்கொண்டு, சிறுநீர்-பிறப்புறுப்புக் குழியின் பின்சுவரில் முட்டும். ஒட்டிய இடத்தில் நடுவே நிற்கும் தடுப்பு கரைந்து ஒரே கருப்பை ஆகும். யோனி கடைசியில் திறக்கும். கெட்டியான தட்டாக இருந்தது ஐந்தாம் மாதத்தில் குழலாகிறது. யோனியின் எந்தப் பகுதி எதிலிருந்து வருகிறது என்பதில் கருவியல் அறிஞர்களிடையே பழைய தகராறு உண்டு. யோனி உருவாவதில் வுல்ஃபியன் நாளத்துக்கே நேரடிப் பங்கு உண்டு என்று ஸ்பெயினின் மகப்பேறு மருத்துவர் அசியென் 1990-களிலிருந்து சொல்லிவருகிறார். ஓவிரா நோயாளிகளைப் பார்க்கும்போது அவர் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது எனக்கு.

இப்போது இந்தப் பிள்ளைக்கு வருவோம். வலது வுல்ஃபியன் நாளத்தின் கீழ்ப்பகுதி சரியாக அமையவில்லை. அந்த ஒரே குறையிலிருந்து மற்ற எல்லாம் வரிசையாக வருகின்றன. மொட்டு கிளம்ப இடமில்லை, ஆகவே வலது சிறுநீரகம் இல்லை. வலது முல்லேரியன் நாளத்தைக் கடைசித் தூரத்தில் நடுக்கோட்டுக்குக் கொண்டுபோக ஆளில்லை, ஆகவே அது இடதுடன் ஒட்டவில்லை: இரட்டைக் கருப்பை. விலகிப்போன வலது நாளம் குழியின் சுவரைச் சேரவில்லை, ஆகவே அதன் கீழ்முனை குருட்டுப் பை. நாளத்தின் மேற்பகுதி நன்றாக இருந்ததால் வலது கருப்பையும் சினைக்குழாயும் முழுதாக உருவாயின. சினைப்பைக்கு இந்த நாளங்களோடு தொடர்பே இல்லை. அது பாலுறுப்பு வரப்பிலிருந்தும், கருவுணவுப் பையின் சுவரிலிருந்து நகர்ந்து வரும் இனச் செல்களிலிருந்தும் உருவாவது. அதனால் ஹார்மோனும் ஒழுங்கு, பூப்பும் ஒழுங்கு.

குறை எங்கே நேர்ந்தது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். நாளம் சரியாக இருந்து மொட்டு மட்டும் வராவிட்டால் சிறுநீரகம் ஒன்று குறையும், கருப்பைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பக்க நாளம் தொடக்கத்திலேயே உருவாகாவிட்டால் அந்தப் பக்கம் சிறுநீரகமும் இல்லை, பாதிக் கருப்பையும் இல்லை. ஒற்றைக் கொம்புக் கருப்பை. ஆண் கருவிலும் இதே கதைதான், வேறு உடையில். ஆணில் வுல்ஃபியன் நாளம் தேய்வதில்லை; டெஸ்டோஸ்டிரோனால் நிலைத்து விந்து நாளமும் விந்துப் பையும் ஆகிறது. ஆகவே ஒரு சிறுநீரகம் இல்லாத ஆண்கள் சிலருக்கு அதே பக்க விந்து நாளம் இருக்காது. வேறு சிலருக்கு அந்தப் பக்க விந்துப் பை அடைத்துக் கட்டியாகும். ஸின்னர் 1914-இல் விவரித்தது. அவர்கள் மகப்பேறு இல்லை என்று வந்து நிற்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும்.

சிகிச்சை

மயக்க மருந்து கொடுத்து, தடுப்புச் சுவரில் ஊசி செலுத்திக் கரும்பழுப்பான கெட்டி இரத்தம் வருவதை உறுதி செய்துகொண்டு, சுவரை நீளவாக்கில் திறந்தோம். சுமார் 280 மி.லி. வெளியேறியது. சுவரை முடிந்தவரை அகலமாக வெட்டி எடுத்து, இரு பாதியின் ஓரங்களையும் கரையும் நூலால் தைத்தோம். துளை போட்டு வடித்துவிட்டு நிறுத்துவது இங்கே ஆபத்தான சிக்கனம்: துளை சுருங்கி மூடும், அதற்குள் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும், சினைக்குழாய் வரை ஏறும். வலது கருப்பையை எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அது நல்ல கருப்பை. வயிற்றைத் திறக்கவும் இல்லை, லேப்ராஸ்கோப்பியும் தேவைப்படவில்லை.

அறுவைக்கு முன் அம்மாச்சி என்னைத் தனியாக அழைத்து, "நாளைக்குக் கட்டிக் குடுக்குற எடத்துல ஏதாச்சும் பேச்சு வருமா தாயி?" என்றார். அடைப்பைத் திறக்காவிட்டால் இரத்தம் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் படிந்து, சினைக்குழாயும் சினைப்பையும் கெடும். குழந்தைப் பேற்றுக்கு அதுதான் ஆபத்து, நாங்கள் செய்வது அல்ல என்று விளக்கினேன். பிள்ளையிடமும் நேராகச் சொன்னோம், படம் வரைந்து. அவள் கேட்டது ஒன்றே: பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொள்வது? அடைப்புக்கு ஆப்பரேஷன் என்று சொன்னால் போதும் என்றோம்.

எப்போது தெரிந்திருக்க வேண்டும்

ஐந்து வயதிலேயே சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். அந்தப் பழைய அறிக்கையில் எதுவும் தவறில்லை, 'வேறு குறை இல்லை' என்ற வரியைத் தவிர. ஐந்து வயதில் கருப்பை மிகச் சிறியது. அதில் இரட்டையா என்று பார்ப்பது கடினம். அப்படியானால் எழுத வேண்டியது, இப்போது தெரியவில்லை, மார்பு வளரத் தொடங்கியதும் மறுபடி பாருங்கள் என்பதுதான். ஒரு சிறுநீரகம் இல்லாத பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிறப்புறுப்பிலும் ஏதோவொரு குறை இருக்கிறது. ஒரு சிறுநீரகமே போதும் என்ற ஆறுதல் உண்மைதான். ஆனால் அந்த ஆறுதலோடு கோப்பு மூடப்படுவதுதான் சிக்கல். பெண் குழந்தையின் சிறுநீரகம் காணவில்லை என்பது கருப்பையைப் பற்றிய செய்தியும்கூட.

இன்னும் முன்னால் போனால், இருபது வார ஸ்கேனிலேயே ஒற்றைச் சிறுநீரகம் தெரிய வாய்ப்புண்டு. ஆனால் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்லவோ எழுதவோ கூடாது; சட்டம் இருக்க வேண்டியதுதான். அதனால் ஸ்கேன் பார்ப்பவர் 'பெண் என்றால் கருப்பையையும் பாருங்கள்' என்று ஜாடை காட்டத் தயங்குவார். எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக, பிறந்த சில வாரத்துக்குள் வயிறும் இடுப்புக்குழியும் ஸ்கேன் செய்யவும் என்று எழுதினால் சட்டத்துக்கும் பழுதில்லை. பிறந்த பெண் சிசுவின் கருப்பை, தாயின் ஈஸ்ட்ரோஜன் செல்வாக்கில் சற்றுப் பெருத்து, ஸ்கேனில் நன்றாகவே தெரியும். அந்தச் சில வாரம் தவறினால் அடுத்த நல்ல வாய்ப்பு பூப்புக்குச் சற்று முன்புதான்.

தாள் விஷயம் இருக்கிறதே, அதற்கு எல்லைப்பக்கத்தில் வழி ஒன்றுதான். குமுளிக்கு மேலே பார்த்த சீட்டும் கீழே பார்த்த சீட்டும் ஒரே உறையில், பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும். ஒரு படம் இருவர் போனிலும் இருக்க வேண்டும்.

பின்தொடர்தல்

ஆறு வாரத்தில் காயம் ஆறியிருந்தது, மூன்று மாதத்தில் திறந்த வழி சுருங்கவில்லை. ஸ்கேனில் வலது கருப்பையில் தேக்கம் இல்லை. தீட்டு சற்று அதிகம். இரண்டு கருப்பையிலிருந்தும் வருவதால் அப்படித்தான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை தொடர்கிறது. வலி முதல் நாளோடு முடிகிறது.

ஒற்றைச் சிறுநீரகத்துக்காக ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மாதம் தவறாமல் விழுங்கிய அந்த மெஃபனமிக் அமில வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது என்று அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தோம். தம்பிக்கும் ஸ்கேன் பார்த்தோம்; அவனுக்கு இரண்டும் இருக்கின்றன.

பிற்காலத்தில் கர்ப்பம் இரண்டு கருப்பையில் எதில் வேண்டுமானாலும் தங்கலாம். குறைமாதப் பிரசவமும் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக நேரும் என்பதால் தொடக்கம் முதலே பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுப் பரிசோதனைக்கு வயது வரும்போது இரண்டு வாயிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். ஒன்றில் எடுத்துவிட்டு எல்லாம் சரி என்று யாரும் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக அதையும் அட்டையில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறோம்.